மாரிச்செல்வி எந்த ஊர்க் கணக்கு?

நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவுக் கவுண்டரில் இப்போது இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் டிகிரி முடித்தவர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட படத்தை நோயாளியே தன் போனில் பிடித்தால் டோக்கன் வந்துவிடுகிறது. பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது அவர்களில் ஒருத்தி என்னை நிறுத்தினாள்.

“எஸ்தர் அக்கா, உங்க டைம்ல அட்ரஸ் எத போடுவீங்க? கார்டுல இருக்கறதா, இப்ப தங்கிகினு இருக்கறதா? சர்க்குலர்ல ஒரு இடத்துல அது போட்டுகீது, ஒரு இடத்துல இது போட்டுகீது.”

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “இன்னாமா, கவுண்டர்லயே குடும்பக் கதையா? நகருங்க” என்றார். அதைச் சாக்காக வைத்து நான் நகர்ந்து வந்துவிட்டேன். பதில் தெரிந்திருந்தால் நின்று சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது. பணியில் இருந்தபோதும் தெரியாது, ஓய்வு பெற்ற பிறகும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளாவது ஒரு முடிவுக்கு வரட்டும்.

நான் எட்டாவது பாதியில் படிப்பை நிறுத்தியவள். துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தேன். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் நீண்ட லீவில் போனபோது, கையெழுத்து பரவாயில்லை என்று என்னை அங்கே உட்காரவைத்தார்கள். எழுந்திரு என்று பிறகு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் பயிற்சி.

அப்போது சீட்டில் நாலு விஷயம்தான். பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு. ஊர் எது என்று கேட்டால் வடக்குப்பட்டு என்பார்கள், வாலாஜாபாத் என்பார்கள். அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிறகு கம்பெனிகள் வந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சீருடைக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

“எந்த ஊரும்மா?”

“சங்கரன்கோவில் பக்கம்.”

“இங்க எங்க இருக்க?”

“ஹாஸ்டல்ல.”

“எந்த ஹாஸ்டல்?”

“பச்ச பெயின்ட் அடிச்சிருக்கும்லா, அது.”

இதை எந்த ஊர் என்று எழுதுவது? ஊர் என்ற இடத்தில் ‘பச்சை ஹாஸ்டல்’ என்றே எழுதினேன். சீட்டு அதை ஏற்றுக்கொண்டது. சீட்டு எதையும் ஏற்றுக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் வந்தபோது எனக்குச் சில நாள் சோறே இறங்கவில்லை. ஒரு விசையை மாற்றித் தட்டினால் மாவட்டத்து நோயாளிகள் எல்லோரும் மொத்தமாக அழிந்துபோவார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் குணசேகரன் சார். வட்டாரத்துக்கே புள்ளிவிவரம் பார்க்கிறவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதுதான் பெரிய பயம். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்வார். கைக்குட்டையால் திரையை ஓரம் ஓரமாகத் துடைப்பார். பிறகு ஒரு கட்டத்தைக் காட்டி, “இது என்னம்மா?” என்பார். நான் ஏதாவது சொல்வேன். கொஞ்சம் மெதுவாக, “இது என்ன?” என்பார். மறுபடியும் ஏதாவது சொல்வேன். மூன்றாவது முறை பேச்சே இருக்காது, விரல் மட்டும் அந்தக் கட்டத்தின் மேல் இருக்கும். எனக்கு ரவிக்கை முதுகெல்லாம் நனைந்துபோகும்.

ஆனால் ஏன் என்று ஒருமுறை சொன்னார். அதை மறக்க முடியாது.

“கட்டம் காலியா இருந்தா மேல போகாதும்மா. மேல போகலன்னா அப்படி ஒரு ஆளே கிடையாது. அவருக்கு இந்த மாசம் மருந்து கிடையாது, அடுத்த வருஷம் அவர் பேரைச் சொல்லி நமக்கு மருந்து கேட்க முடியாது. எதிர்ல உக்காந்து இருமிக்கினு இருப்பார், ஆனா இல்ல.”

இதைக் கேட்ட பிறகு காலிக் கட்டத்தைப் பார்த்தாலே யாரையோ நான் தள்ளிவிட்டது போல இருக்கும். எல்லாவற்றையும் நிரப்பினேன். எல்லாக் கவுண்டரிலும் நிரப்பினார்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று போட்டோம். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் எல்லோரும் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள்.

போன் நம்பர்தான் தொல்லை. ஹாஸ்டல் பெண்கள் சொந்த நம்பரைக் கொடுக்கப் பயப்பட்டு வார்டன் நம்பரைக் கொடுத்தார்கள். ஒருநாள் அந்த வார்டன் அம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். “யாருக்கோ கர்ப்பப் பரிசோதனைன்னு எனக்கு மெசேஜ் வந்துகீது. எந்தப் பொண்ணு? சொல்லு, இன்னிக்கே பெட்டியக் கட்டச் சொல்றேன்!” நான் தெரியாது தெரியாது என்று சொல்லியே அனுப்பிவைத்தேன். குணசேகரன் சாரிடம் கேட்டதற்கு, “யாராவது எடுக்கற நம்பரா இருக்கணும்மா” என்றார். எடுக்கிற நம்பர் என்றால் என் நம்பர்தான். அதையே போட்டேன். பக்கத்து நிலையங்களிலும் கவுண்டரில் இருப்பவர்கள் இப்படித்தான் செய்தார்கள். அதனால் ஊர்ப்பட்ட பெண்களின் ரத்தமும் சளியும் சர்க்கரையும் என் போனுக்கு வந்தன. ‘உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள்’ என்று வந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், “இன்னாடி, எனக்குத் தெரியாம எத்தினி பெத்து வெச்சிகீற?” என்று கேட்டார். பேரன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். நிஜப் பெயர் வேண்டாம், மாரிச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். சார்ஜர் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. இருமல் நிற்கவில்லை. கம்பெனியிலேயே மெடிக்கல் ரூம் இருக்கிறதே என்று கேட்டேன். “அங்க போனா எச்.ஆருக்குப் போயிரும்க்கா” என்றாள். சளி எடுத்தார்கள். காசநோய் என்று வந்தது. எங்கள் டாக்டர் மேடம் உள்ளே உட்காரவைத்து நிறைய நேரம் பேசினார். ஆறு மாதம் மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும், பயப்படாதே என்று. வெளியே வந்தவள் என் கவுண்டர் முன்னால் நின்றாள். அழவில்லை. நோயைப் பற்றியும் கேட்கவில்லை.

“எக்கா, இது எங்கெங்கல்லாம் போவும்?”

“எது?”

“இப்ப தட்டுதீங்கள்லா, அது.”

எங்கேயும் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு என்ன தெரியும்? தட்டினால் போகும். எங்கே போகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுக்கா. தெரிஞ்சா மறுநாளே எங்கண்ணன் வந்து நிப்பான். முன்னயும் ஒருக்க வந்து பெட்டியத் தூக்கிட்டான். பஸ் ஸ்டாண்டு வர போயி, அவன் டீ குடிக்கப் போன நேரத்துல நான் பெட்டியோட ஓடி வந்துட்டேன். இது தெரிஞ்சு இனி ஊருக்குப் போனா என்ன விடமாட்டாங்க.”

முகவரிக் கட்டத்தில் கார்டில் இருந்ததைப் போட்டேன். அப்போதைய சர்க்குலர் அப்படி. ஆதாரம் இருக்கும் முகவரிதான் முகவரி. போன் கட்டத்தில் வழக்கம்போல என் நம்பர். சேமித்ததும் திரையில் ஒரு வரி வந்தது. ‘சம்பந்தப்பட்ட மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டது.’ அதாவது, எதிரில் நிற்கிறவள் எங்கள் கணக்கில் இல்லை. மேடம் கையிருப்பிலிருந்து முதல் தவணை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். அடுத்த தவணைக்கு அவள் பெயர் இங்கே வராது. மாத்திரை தெற்கே அவள் ஊரில் இருக்கும், வாய் இங்கே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“மாரிச்செல்வியா பேசுதது?”

“ஆமா” என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். இல்லை என்றால் அடுத்து வேறு எங்கே கேட்பார்களோ என்ற பயம்.

“நான் உங்க ஊரு நர்சு பேசுதேன் தாயி, செண்பகம். உன் பேரு எனக்கு வந்திருக்கு. இருமல் எப்படி இருக்கு?”

“இருமல் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“மாத்திர ஒழுங்காப் போடுதியா?”

“டெய்லி போடறேன். காலைல ஒண்ணு. பிரஷருக்கு.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“பிரஷரா? வயசு இருபத்தி ரெண்டுன்னுல்லா போட்டிருக்கு? கொரலக் கேட்டா எங்க மாமியா கணக்கா இருக்கு. யாருங்க நீங்க?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் யார், என் நம்பர் ஏன் அங்கே இருக்கிறது, அந்தப் பெண் என்ன கேட்டுக்கொண்டாள் என்று. அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“அது சரிக்கா. ஆனா நான் அந்த வீட்டுக்குப் போயாகணும். போகாட்டா என் கணக்குல அந்தக் கட்டம் செவப்பாவே நிக்கும். அது கெடக்கட்டும், திட்டு வாங்கிக்கிடுவேன். பொங்கலுக்கு அந்தப் பிள்ள இங்க வந்து தாய் கூடத்தான படுத்திருப்பா? அவங்களுக்கும் ஒட்டியிருந்தா? பாத்துச் சொல்ல வேண்டியது நாந்தான?”

அவர் சொன்னதும் சரிதான். மாரிச்செல்வி சொன்னதும் சரிதான். ரெண்டு சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ரெண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். போனை வைத்ததும் இன்னொன்று உறைத்தது. அவளோடு ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களை யாரும் சோதிக்கப் போவதில்லை. ஏனென்றால் கணக்குப்படி அவள் இங்கே தூங்கவே இல்லை. கறியில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டேன்.

மறுநாள் குணசேகரன் சாரிடம் போனேன். முகவரியை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“மாத்தலாமே. இங்க தங்கியிருக்கான்னு ஒரு ஆதாரம் வேணும். ஹாஸ்டல்ல லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

“லெட்டர் வார்டன்தான் சார் தரணும். எதுக்குன்னு கேப்பாங்களே.”

“சொல்லட்டும்.”

“சொன்னா அனுப்பிடுவாங்க சார். அனுப்பிட்டா அவ இங்க இருக்க மாட்டா. அப்புறம் இங்க இருக்கான்னு லெட்டர் எதுக்கு?”

சார் கைக்குட்டையை எடுத்தார். துடைப்பதற்கு எதிரில் திரை இல்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

“அந்தப் பொண்ணு எங்கம்மா தூங்குது?” என்றார்.

“பச்சை ஹாஸ்டல்ல சார்.”

“எங்க தூங்குது?” இன்னும் மெதுவாக.

“பச்சை ஹாஸ்டல்லதான் சார்.”

மூன்றாவது முறை அவர் என்னைக் கேட்கவில்லை. தன்னைத்தானே கேட்டுக்கொள்வது போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்குத் தெரியலம்மா” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அவருக்கே தெரியவில்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயம்தான் கூடியது.

மாரிச்செல்வியை வரச் சொல்லி, ஊரிலிருந்து போன் வந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“வீட்டுக்கு ஆள் போச்சுன்னா நான் மாத்திரையே போடமாட்டேன்க்கா. வேற ஊருக்குப் போயி, வேற பேரச் சொல்லிக்கிடுவேன். அப்பொறம் உங்க கம்ப்யூட்டர் என்னத் தேடட்டும்.”

“லூசு மாதிரி பேசாதடி. பாதியில விட்டா நோவு முத்திக்கும்னு மேடம் சொன்னாங்கல்ல?”

“தெரியும்க்கா. அதுக்குத்தான் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடும்போது இருமினாள். அந்த ரெண்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. எதற்குச் சாக வேண்டும் ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண், முகவரிக் கட்டத்துக்காகவா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நீ ரிட்டயர் ஆவறதுக்குள்ள என்ன சாவடிச்சிடுவ” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே செண்பகம் கூப்பிட்டார்.

“எக்கா, ஒரு வீட்டுக்கு மட்டும் போனாத்தான பேச்சு வரும்? தெருவுக்கே போயிட்டா?”

“புரியலையேம்மா.”

“இருமல் கணக்கெடுப்புன்னு தெரு முச்சூடும் போறேன். வீட்டுக்கு வீடு சளி வாங்கிட்டு வாறேன். அந்த வீடும் அதுல ஒரு வீடு. யாரு பேரும் சொல்லமாட்டேன். வேல கூடத்தான் ஆகும், என்ன செய்ய?”

இதை அப்படியே மேடமிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்த வட்டத்து ஹாஸ்டல்களுக்கெல்லாம் ஒரு முகாம் போட்டுவிடலாம் என்றார். கண் பரிசோதனை, ரத்தம், சளி எல்லாம் சேர்த்து. மெசேஜுக்காக என்னிடம் சண்டைக்கு வந்த அதே வார்டன் அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். மாரிச்செல்வியும் மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, ஒன்றுமே தெரியாதவள் போல சளி டப்பாவை வாங்கிக்கொண்டாள். அவள் அறைப் பெண்களுக்கு ஒன்றும் இல்லை. நான் வெளியே வந்து ஜெபம் பண்ணினேன்.

மாத்திரை விஷயம் இப்படி முடிந்தது. பதிவு தெற்கிலேயே இருந்தது. மாத்திரையை மேடம் இங்கே கொடுத்தார். ஒவ்வொரு தவணைக்கும் நான் செண்பகத்துக்குப் போன் போட்டு, “போட்டுட்டா” என்பேன். அவர் அங்கே குறித்துக்கொள்வார். இங்கே கையிருப்பு குறைவதைக் குணசேகரன் சார் பார்க்காமல் இருப்பாரா? பார்த்தார். ‘வெளி மாவட்டப் பயனாளிக்கு வழங்கப்பட்டது’ என்று தன் கையாலேயே எழுதினார். வெளி மாவட்டத்து ஆள் தவணை தவறாமல் இங்கே எப்படி வருகிறார் என்று மேலே இருந்து கேள்வி வந்தது. சார் பதில் எழுதினார். பதிலுக்கும் கேள்வி வந்தது. அவள் சிகிச்சை முடியும்போதும் அந்தக் கடிதங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன.

இதோடு நின்றிருந்தால் அந்தக் கவுண்டர் பெண்ணுக்கு நான் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். தங்கியிருக்கிற முகவரியைப் போடு, கார்டை நம்பாதே என்று. ஆனால் தெற்கே நடந்த கணக்கெடுப்பின் முடிவு வந்ததும் செண்பகம் மறுபடி கூப்பிட்டார். மாரிச்செல்வியின் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கிற பெரியவர் ஒருவருக்கு இருந்தது. நன்றாக முற்றியிருந்தது. அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போனவர் இல்லை, எந்தக் கணக்கிலும் இல்லை.

“தெருவுக்கே போகலன்னா இவரு ஆளு தெரியாமலே போயிருப்பாருக்கா” என்றார் செண்பகம். “உங்க ஊரு கம்ப்யூட்டரு தப்பா அனுப்புன பேரால இவரு தப்பிச்சாரு.”

தப்பாக அனுப்பியதா, சரியாக அனுப்பியதா? அன்றிலிருந்து என் குழப்பம் அதுதான்.

மாரிச்செல்விக்குக் கடைசிப் பரிசோதனையில் சளி சுத்தம் என்று மெசேஜ் என் போனுக்குத்தான் வந்தது. காட்டுவதற்காக வரச் சொன்னேன். உடம்பு தேறி, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கம்பெனியில் லைன் மாற்றி, புதிதாக வந்தவர்களுக்கு வேலை காட்டிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. மெசேஜை அவளே ரெண்டு தடவை படித்தாள். அப்போது பேச்சுவாக்கில் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன்.

“தெருக்கோடி வீடா? எக்கா, அவரு தினமும் எங்க வீட்லதான் டிவி பாப்பாரு. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்ன, நானும் அவரும்தான் உக்காந்திருப்போம். அவரு இருமிக்கிட்டேதான் இருப்பாரு. பொங்கலுக்குப் போனப்பவும் வந்தாரு.”

என் போனைக் கவுண்டர் மேல் திருப்பி வைத்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப இது அவருகிட்ட இருந்து எனக்கு வந்துச்சா? இல்ல இங்க இருந்து நான் கொண்டுபோயி அவருக்குக் குடுத்துட்டேனா?”

மேடமிடம் போய்க் கேட்டோம். இரண்டுமே இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம், இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அவள் கிளம்பவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“அவரு மாத்திர போடுதாராக்கா?”

“செண்பகம் தினமும் வீட்டுக்கே போய்ப் போட வைக்கறாங்களாம்.”

“போட்டுட்டாரான்னு எனக்கும் கேட்டுச் சொல்லுவீங்களா?”

“கேட்டுச் சொல்றேன். எந்த நம்பருக்கு?”

முதல் முறையாக அவள் தன் சொந்த நம்பரைச் சொன்னாள். எழுதிக்கொள்வதற்குள் பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. மறுபடியும் ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு ஓடினாள். இருமவில்லை.